ஓட்டத்திற்கு முன்: ஒரு வழக்கத்தின் வரலாறு



எமது பாடசாலைகளில் ஆண்டுதோறும் முதலாந் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. மைதானத்திற் சுண்ணாம்புக் கோடுகள் இடப்படும்; இல்லக் கூடாரங்கள் வர்ணத் தாள்களால் அலங்கரிக்கப்படும்; அணிநடையும் உடற்பயிற்சிக் கண்காட்சியும் நிகழும். ஓட்டம் தொடங்கும் கோட்டருகே நீங்கள் சற்று நின்று பார்த்திருப்பீர்களாயின் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். பெயர் அழைக்கப்பட்டு வந்து நிற்கும் பிள்ளைகள், வெடியோசை கேட்பதற்கு முன், இரண்டு மூன்று முறை குனிந்து கால்விரலைத் தொட்டு நிமிர்வர். ஒரு காலைப் பின்புறமாக மடித்துக் கையாற் பிடித்து இழுப்பர். ஏன் அவ்வாறு செய்கிறாய் என்று கேட்டால், ‘தசை பிடியாமல் இருக்க, சேர்’ என்று விடை வரும். அவ்விடையை அவர்களுக்குக் கற்பித்தோர் நாங்களே. எங்களுக்கு அதனைக் கற்பித்தோர் யாவர்? அவர்கள் அதனை எங்கிருந்து பெற்றனர்?

நான் வரலாறு கற்பித்தவன், உடலியல் கற்றவனல்லன். இவ்வினா என் மனத்தில் எழுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், நான் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில், ஓர் இல்லத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. எங்கள் இல்லத்தின் நம்பிக்கை முழுவதும் ஒரு சிறுவன் மேலேயே தங்கியிருந்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கான 200 மீற்றர் ஓட்டத்தில் அவனை வெல்ல எவரும் இல்லை என்று கருதியிருந்தோம். காலை எட்டு மணிக்கு அவன் உடற்பயிற்சிக் கண்காட்சியில் நின்றான். அதன்பின் கூடாரத்தில் அமர்ந்தான். பிரதம விருந்தினர் தாமதித்து வந்தார். வந்தவர் நெடுநேரம் பேசினார். பிற்பகல் மூன்று மணியளவில் அவனது ஓட்டம் அழைக்கப்பட்டது. அத்தனை நேரமும் உட்கார்ந்திருந்த பிள்ளையை நான் கோட்டருகே அழைத்துச் சென்று, ‘நன்றாகக் குனிந்து காலைத் தொடு, ஒன்றும் பிடியாது’ என்றேன். அவனும் தொட்டான். வளைவைக் கடக்கையில் தொடையின் பின்புறத்தைக் கையாற் பற்றிக்கொண்டு விழுந்தான். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் கட்டியும் அவ்வருடம் அவன் மீண்டும் ஓடவில்லை. நான் சொன்ன வாக்கை அவன் ஒருநாளும் எனக்கு நினைவூட்டியதில்லை. நானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். உடலைப் பயிற்சிக்கு ஆயத்தஞ் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. கிரேக்க நாகரிகம் தழைத்த பெர்கமம் நகரில், இன்றைய துருக்கி நாட்டில், கி.பி. 129ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் கேலன் என்னும் வைத்தியர். அலெக்சாந்திரியாவிற் கல்வி பயின்று திரும்பிய அவர், 157ஆம் ஆண்டில் அந்நகரத்து வாட்போர் வீரர்களுக்கு வைத்தியராக நியமிக்கப்பட்டார். கிழிந்த தசையையும் அறுந்த நாரையும் நாளும் பார்த்த கண்கள் அவருடையவை. உடல்நலம் பேணுதல் பற்றி அவர் எழுதிய ஆறு பகுதிகள் கொண்ட நூலில், பயிற்சிக்கு முன் செய்ய வேண்டிய தேய்ப்பைப் பற்றி விரிவாகக் கூறுகிறார். முதலில் மென்மையாகத் தேய்த்து, பின் எண்ணெயிட்டுச் சிறிது சிறிதாக அழுத்தங் கூட்டி, உடல் சூடேறிய பின்னரே பயிற்சியிற் புக வேண்டும். பயிற்சியும் மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும். முடிந்த பின்னும் உடலைத் தணிவிக்கும் தேய்ப்பு வேண்டும் என்பது அவர் முறை. 1569ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் மெர்க்கூரியாலே என்னும் இத்தாலிய வைத்தியர் வெளியிட்ட உடற்பயிற்சி நூல், இப்பழங்கருத்துகளைத் திரட்டி ஐரோப்பாவுக்கு மீண்டும் அளித்தது.

கேலன் நாடியது சூட்டை. உடலை இழுத்து நீட்டுவதை அவர் முதன்மையாக வைக்கவில்லை. சூடேற்றலும் நீட்டலும் வெவ்வேறு காரியங்கள் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். இவ்விரண்டும் ஒன்றெனக் கலந்துபோன கதையே எமது கதை.

நீட்டல் எங்கிருந்து வந்தது என்றறிய நாம் சுவீடனுக்குச் செல்ல வேண்டும். 1776ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஸ்மோலாந்து மாகாணத்தில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர் பேர் ஹென்றிக் லிங். அவர் கவிஞர், வட நாட்டுப் பழந்தெய்வங்களைப் பாடியவர். வாலிபத்திற் கொப்பன்ஹேகனில் சில ஆண்டுகள் தங்கினார். அங்கு நாக்டெகால் என்பவர் 1799ஆம் ஆண்டில் ஓர் உடற்பயிற்சிக்கூடம் தொடங்கியிருந்தார். அந்நகரில் வாட்பயிற்சியும் செய்த லிங், நோயுற்றிருந்த தம் கை பயிற்சியாற் குணமடைந்ததாக உணர்ந்தார் என்பர். அவ்வுணர்வே அவரது வாழ்வைத் திருப்பியது. பின்னர் லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாட்பயிற்சி ஆசிரியரானார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. 1809ஆம் ஆண்டிற் சுவீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. நாட்டின் மூன்றிலொரு பங்கு பறிபோன துயரத்தில், மக்களின் உடலை உறுதிப்படுத்தினால் நாடு உறுதிப்படும் என்ற பேச்சுக்குச் செவி கிடைத்தது. 1813ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோமில் அரச மத்திய உடற்பயிற்சி நிறுவனம் நிறுவப்பட்டு, அதன் தலைமை லிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்விக்குரியது, படைக்குரியது, வைத்தியத்திற்குரியது, அழகுக்குரியது என உடற்பயிற்சியை அவர் நால்வகையாக வகுத்தார். ஒவ்வோர் அசைவுக்கும் தொடக்க நிலை, இறுதி நிலை, ஆசிரியரின் கட்டளை ஆகியன வரையறுக்கப்பட்டன. கைகளை மேலே நீட்டல், உடலைப் பின்னோக்கி வளைத்தல், பக்கவாட்டிற் சாய்த்தல், குனிதல் யாவும் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே வேளையில் நிகழ்ந்தன.

இப்பயிற்சி எதற்கு முன்னோடியாகவும் அமைக்கப்படவில்லை. அதுவே முழுப் பயிற்சி. கூனிய முதுகை நிமிர்த்தல், ஒடுங்கிய நெஞ்சை விரித்தல், பணிந்து நடக்கப் பழக்கல் என்பன அதன் நோக்கங்கள். ஓடப் போகிறவனின் தசை கிழியாமற் காப்பது அங்கே பேசப்பட்ட பொருளன்று. ஆயினும் லிங்கின் மகன் யால்மார் லிங் பாடசாலைகளுக்காகப் பயிற்சிகளை ஒழுங்குபடுத்தியபோது ஓர் அரிய அம்சம் அதில் அமைந்தது. பாடம் இலேசான அசைவுகளில் தொடங்கும்; வளைவு, சமநிலை, ஓட்டம், தாவல் எனப் படிப்படியாக உயரும்; பின் தணிந்து மூச்சுப் பயிற்சியில் முடியும். கேலன் வேண்டிய படிமுறை வேறோர் உருவில் அங்கே நின்றது. அதனைக் கடன் வாங்கியோர் படிமுறையை விட்டுவிட்டு வளைவையும் கட்டளையையும் மட்டும் எடுத்துச் சென்றனர் என்பதே என் துணிபு.

கடன் வாங்கியோருள் முதன்மையானோர் ஆங்கிலேயர். 1881ஆம் ஆண்டில் இலண்டன் பாடசாலைச் சபை, ஸ்ரொக்ஹோமிற் பயின்ற மார்ட்டினா பேர்க்மன் என்னும் பெண்மணியை உடற்பயிற்சி மேற்பார்வையாளராக அழைத்தது. மணமானபின் பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் எனப்பட்ட அவர் 1885ஆம் ஆண்டில் ஹம்ஸ்ரெட்டில் ஒரு கல்லூரி தொடங்கி, 1895இல் அதனை டாட்போட்டுக்கு மாற்றினார். அவரிடம் பயின்ற ஆசிரியைகள் பிரித்தானியப் பாடசாலைகள் எங்கும் பரந்தனர். தென்னாபிரிக்கப் போரின்போது படையிற் சேர வந்த ஏழை இளைஞர்களின் உடல்நிலை ஆட்சியாளரைத் திடுக்கிடச் செய்தது. அதன் பயனாக 1904இலும் 1909இலும் பாடசாலை உடற்பயிற்சிக்கான அரசாங்கப் பாடத்திட்டங்கள் வெளிவந்தன. 1909ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் சுவீடிய முறையைத் தழுவியது. அம்முறைக்கு உபகரணம் வேண்டியதில்லை. பெரிய மைதானமும் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளைச் சிறு முற்றத்தில் நிறுத்திவிடலாம். பணமில்லாத கல்விப் பகுதிக்கு இதனினும் உவப்பான முறை யாது? அதிபராக இருக்கும் எனக்கு அந்த உவப்பு நன்கு விளங்குகிறது.

பிரித்தானிய ஆட்சியிலிருந்த எமது நாட்டிற்கும் டிறில் அவ்வாட்சியின் வழியே வந்தது. நான் மாணவனாக இருந்த காலத்திற்கூட, வெள்ளைக் காற்சட்டையுடன் வரிசையில் நின்று ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்ற எண்ணுக்குக் குனிந்து நிமிர்ந்தோம். அவ்வசைவுகள் ஒரு சுவீடியக் கவிஞரின் வழிவந்தவை என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை.

வானொலியிற் பேசுவோன் இவ்விடத்தில் மற்றொரு செய்தியைக் கூறாமல் விடலாகாது. அமெரிக்காவில் ஆயுட்காப்புறுதி நிறுவனமொன்று 1925ஆம் ஆண்டு முதல் நடத்திய வானொலி உடற்பயிற்சியைக் கண்ட ஜப்பானியர், 1928ஆம் ஆண்டு நவம்பரில் தம் நாட்டிலும் அத்தகைய நிகழ்ச்சியைத் தொடங்கினர். போரின் பின் சிறிது காலம் நின்றுபோன அது 1951இல் புதிய வடிவிற் பிறந்தது. கைகளை மேலே தூக்கி உடலை நீட்டுவதே அதன் முதல் அசைவு. தொழிற்சாலைகளில் வேலை தொடங்குமுன் தொழிலாளர் அதனைச் செய்வது வழக்கமாயிற்று. உடலை நிமிர்த்தப் பிறந்த அசைவுகள், காயம் வராமற் காக்கும் அசைவுகளாக எவ்வாறு பெயர் மாறின என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறைக்குள் அறிவியல் புகுந்தது. ஆங்கில உடலியலாளர் செரிங்ரன், லிடெல் என்பவருடன் சேர்ந்து 1924ஆம் ஆண்டில் ஓர் உண்மையை வெளியிட்டார். தசையொன்றைத் திடீரென இழுத்தால், அது தன்னையறியாமலே சுருங்கி அவ்விழுப்பை எதிர்க்கிறது. தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவி இழுப்பை முள்ளந்தண்டு வடத்துக்கு அறிவிக்க, அங்கிருந்தே சுருங்கும் கட்டளை வந்துவிடுகிறது. எட்டி எட்டிக் குனிந்து காலைத் தொடும் பிள்ளை, தான் நீட்ட விரும்பும் தசையையே சுருங்கச் செய்கிறான் என்ற முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. 1962இல் அமெரிக்கரான டி வ்ரீஸ் துள்ளி நீட்டலையும் மெல்ல நீட்டி நிறுத்தலையும் ஒப்பிட்டார். உடல் வளைவில் இரண்டும் ஒத்த பலனையே தந்தன. ஆயினும் தீங்கு குறைந்தது என்பதால் மெல்ல நீட்டி நிறுத்தலை அவர் பரிந்துரைத்தார். பயிற்சிக்குப் பின் தோன்றும் தசை நோவு தசையிறுக்கத்தால் வருவது, நீட்டினால் அது தீரும் என்றும் அவர் கருதினார். அக்கருத்து பிற்காலத்தில் நிலைக்கவில்லை. தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே நோவுக்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம். எனினும் நீட்டல் நோவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் மைதானம் எங்கும் பரவிவிட்டது. 1975இல் அமெரிக்கரான பொப் அன்டர்சன் நீட்டற் பயிற்சி பற்றி வெளியிட்ட நூல் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. ஓடுவோர் யாவரும் ஓடுமுன் மரத்தைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் காட்சி உலகப் பொதுவாயிற்று.

இதற்கிடையில் மற்றொரு நற்செய்தி கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1945ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்முஸ்ஸன், போயே என்னும் இருவர் உடல் வெப்பநிலைக்கும் வேலை செய்யும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து வெளியிட்டனர். நின்ற இடத்தில் மிதிக்கும் துவிச்சக்கர வண்டியில் ஆட்களை ஏற்றிச் சோதித்தபோது, தசை சூடேறியிருந்த வேளைகளிற் குறுகிய கடும் முயற்சி விரைவாக முடிந்தது. ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய பெர்கமத்து வைத்தியர் கையாற் கண்டதை இவர்கள் வெப்பமானியாற் கண்டனர். இச்சூடு ஓடியும் நடந்தும் வருவது. ஓரிடத்தில் நின்று காலைப் பிடித்து இழுப்பதால் அது போதியளவு வராது.

நீட்டல் காயத்தைத் தடுக்கிறதா என்ற நேர்க்கேள்வியை ஆட்களை எண்ணிக் கேட்டவர்கள் அவுஸ்திரேலியர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கபூக்கா என்னுமிடத்தில் அந்நாட்டுப் படையின் பயிற்சி நிலையம் உண்டு. அங்கே சேர்ந்த 1538 இளைஞரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் பயிற்சிக்கு முன் அசைவுகளால் உடலைச் சூடேற்றினர். ஒரு பிரிவினர் மட்டும், கால்களின் ஆறு தசைத் தொகுதிகளை ஒவ்வொன்றும் 20 செக்கன் வீதம் மேற்பார்வையின் கீழ் நீட்டினர். பன்னிரண்டு கிழமைகள் கழிந்தன. நீட்டியோருட் கால்களில் நேர்ந்த காயங்கள் 158, நீட்டாதோருள் 175. நீட்டாதோர் பிரிவு சற்றுப் பெரிது என்பதைக் கணக்கிட்டால், இரு பிரிவிலும் ஐவருக்கு ஒன்று என்னும் வீதமே ஏறத்தாழ வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு மற்றோர் உண்மையையும் காட்டிற்று. படையிற் சேரும்போது ஓட்டச் சோதனையிற் பின்தங்கியிருந்தோரே பெரிதும் காயமுற்றனர். காயத்தை முன்னறிவித்தது உடலின் தகுதி. தசையை நீட்டியமை அன்று.

2002இல் சிட்னியைச் சேர்ந்த ஹேபட்டும் கேப்ரியலும் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீட்டலால் தசை நோவு குறையும் அளவு, 100 மில்லிமீற்றர் நீளமுள்ள நோவுக்கோட்டில் 2 மில்லிமீற்றருக்கும் குறைவு எனக் கண்டனர். வேறு சிலர் விசையை அளந்தனர். ஒரு தசையை ஒரு நிமிடமோ அதற்கு மேலோ நீட்டி நிறுத்திவிட்டு உடனே சோதித்தால், அதன் ஆற்றல் சராசரியாக 4.6 சதவீதம் குறைகிறது என்றும், அதனிற் குறைந்த நேரமாயின் ஏறத்தாழ 1 சதவீதமே குறைகிறது என்றும் 2016இல் வெளியான தொகுப்பாய்வொன்று கூறிற்று. ஆகவே ஓடப் போகும் பிள்ளை சிறிது நேரம் காலை நீட்டுவதாற் கேடு பெரிதில்லை. நெடுநேரம் இழுத்தபின் உடனே ஓடுவது வீண் இழப்பு.

நான் நீட்டலுக்குப் பகைவன் என்று எவரும் எண்ணலாகாது. 2010ஆம் ஆண்டில் இணையவழி நடத்தப்பட்ட பெரியதோர் ஆய்வில், நீட்டியோருக்கு மொத்தக் காயங்கள் குறையாவிடினும் தசை, தசைநார் சார்ந்த காயங்கள் சற்றுக் குறைந்தமை காணப்பட்டது. நாட்டியம், சீருடற் பயிற்சி போன்றவற்றுக்கு உடல் வளைவு இன்றியமையாதது. அது நாள்தோறும் நீட்டிப் பெற வேண்டியதே. நான் மறுப்பது, கோட்டருகே இரண்டு முறை குனிந்தால் தசை காக்கப்படும் என்ற வாக்குறுதியை மட்டுமே. அவ்வாக்குறுதியைக் கொடுத்தவன் என்ற முறையில் மறுக்கிறேன்.

அவ்வாறாயிற் பிள்ளைகளைக் காப்பது எது? இதற்கு விடை, கதை தொடங்கிய வட நாடுகளிலிருந்தே வந்திருக்கிறது. நோர்வேயில் 120 கைப்பந்தாட்டக் கழகங்களைச் சேர்ந்த, 15 முதல் 17 வயது வரையான 1837 இளைஞரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2005இல் வெளியாயிற்று. ஒரு சாரார் பயிற்சியின் தொடக்கத்தில் 15 முதல் 20 நிமிடம் வரை நீடித்த ஆயத்தப் பயிற்சியைச் செய்தனர். அதில் ஓடினர். திரும்பும் முறையையும் தாவி இறங்கும் முறையையும் பழகினர். ஒற்றைக் காலிற் சமநிலை காத்தனர். கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தனர். மற்றவர் வழமைபோல இருந்தனர். பருவம் முடிந்தபோது முழங்காலிலும் கணுக்காலிலும் நேர்ந்த திடீர்க் காயங்கள், வழமைபோல இருந்த 879 பேரில் 81; பயிற்சி பெற்ற 958 பேரில் 48.

தொடைப் பின்தசைக்கு, அச்சிறுவன் கையாற் பற்றிய அதே தசைக்கு, டென்மார்க் விடை தந்தது. அங்கு 50 உதைபந்தாட்ட அணிகளின் 942 வீரரிடையே நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பயிற்சி மிக எளிது. வீரன் முழந்தாளில் நிற்க, தோழன் அவனது கணுக்கால்களை அழுத்திப் பிடிப்பான். வீரன் முதுகை வளைக்காது, விழும் மரம்போல முன்னோக்கி மெல்லச் சாய்வான். இயன்றவரை தன் தொடைப் பின்தசையாலேயே உடலைத் தாங்கி, இறுதியிற் கைகளை ஊன்றுவான். முதற் கிழமையிற் சில முறை. பின் பத்துக் கிழமைகளிற் படிப்படியாகக் கூட்டப்படும். இதனைச் செய்த அணிகளில் 15 பேருக்கே அத்தசையிற் காயம் நேர்ந்தது. செய்யாத அணிகளில் 52 பேருக்கு. தசையைத் தாங்கும்படி பழக்குவதே இங்கு பலன் தந்தது. இதற்கும் உபகரணம் வேண்டியதில்லை. ஒரு பாயும் ஒரு தோழனும் போதும். பணமில்லாத பாடசாலைக்கு இதுவும் உவப்பான முறையே.

இவற்றையெல்லாம் அறிந்தபின் என் பாடசாலையிற் சில மாற்றங்களைச் செய்தேன். போட்டிக்குப் பத்துக் கிழமைகள் முன்னரே, அதாவது முந்திய தவணையிலேயே, முழந்தாட் பயிற்சி தொடங்குகிறது. ‘போட்டிக்கு இவ்வளவு காலம் இருக்கையில் ஏன் சேர்’ என்று முதலில் முணுமுணுத்த உயர்தர வகுப்பு மாணவரே இப்பொழுது சிறியோரின் கணுக்காலைப் பிடித்துக் கொடுக்கின்றனர். போட்டி நாளில், ஓட்டத்திற்கு இருபது நிமிடத்துக்கு முன்னரே பிள்ளைகள் கூடாரத்திலிருந்து அழைக்கப்பட்டு, மைதானத்தின் பின்புறத்து வேம்பின் நிழலில் மெல்ல ஓடி, முழங்காலை உயர்த்தி நடந்து, இறுதியில் இரண்டு மூன்று முறை விரைந்தோடி வியர்த்தபின் கோட்டுக்கு வருகின்றனர். கூடாரத்திற் பிள்ளைகள் குறைந்தால் அலங்காரப் புள்ளி குறையுமே என்று இல்லப் பொறுப்பாசிரியர் ஒருவர் வருந்தினார். அவருக்கு நான் விடை சொல்லவில்லை.

பிரதம விருந்தினரின் உரையையும் ஓட்டங்கள் அனைத்தும் முடிந்த பின்னுக்கு மாற்றிவிட்டேன்.